கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் விலை

கிப்சன் நிறுவனம் 1959இல் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிட்டார் ஒன்று இன்று விற்பனைக்கு வந்தால் பல லட்சம் டாலருக்குப் போகிறது. ஏறக்குறைய அதே காலத்தில், அதைவிடப் பல மடங்கு நுணுக்கமான வேலைப்பாட்டோடு அமெரிக்கப் பட்டறைகளில் உருவான பெடல் ஸ்டீல் கிட்டார்கள் பெரும்பாலும் சில ஆயிரம் டாலருக்கே கைமாறுகின்றன. இரண்டுமே மின்கிட்டார்கள்தான், இரண்டுமே ஒரு தலைமுறையின் காதை மாற்றியவைதான். ஆனாலும் விலையில் இத்தனை தூரம்.

லெஸ் பால் பிறக்கும்போதே முழுமையடைந்திருந்தது. அறுபது வருடம் கழித்தும் அதை அப்படியே எடுத்து வாசிக்கலாம், அதனால்தான் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். பெடல் ஸ்டீல் 1950களில் இன்னும் உருவாகிக்கொண்டிருந்த ஓர் இயந்திரம். சில வருடங்களுக்கு ஒருமுறை தந்திகளின் எண்ணிக்கையும் மிதிகளின் வேலையும் உள்ளே இழுக்கும் முறையும் மாறின. ஒரு பழைய கருவிக்கு நியாயமான விலை சொல்ல வேண்டுமென்றால், இந்தப் படிகளில் அது எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

நான்கு கால்களில் மேஜைபோலப் படுத்திருக்கும் வாத்தியம் இது. வாசிப்பவர் பின்னால் உட்கார்ந்து, வலது கைவிரல்களில் நகமுனைகளை மாட்டித் தந்திகளை மீட்டுவார். இடது கையில் கனமான எஃகு உருளை. கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு இதுவரை எல்லாம் தெரிந்த காட்சிதான். ஆனால் கோட்டுவாத்தியக்காரர் ஒரு ராகத்தின் ஒற்றை வரியைத் தேடிச் செல்கிறார். ஸ்டீல் கிட்டார்காரருக்கோ மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள் வேண்டும். உருளை எல்லாத் தந்திகளையும் ஒன்றாகத்தான் ஏற்றும், இறக்கும். ஒரு தந்தியை மட்டும் தனியே மாற்ற அதற்கு வழியில்லை. காலுக்கடியில் மிதிகளும் முழங்காலருகே லீவர்களும் வந்து சேர்ந்தது இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான்.

கதை ஹவாயில் தொடங்குகிறது. ஓஹூ தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிட்டார் தந்திகள்மேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையை வளர்த்தவராகப் போற்றப்படுகிறார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சி அந்த நாதத்தை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து ரிக்கன்பாக்கர் பெயரில் வந்த அலுமினிய ஸ்டீல் கிட்டார்தான் விற்பனையில் வென்ற முதல் மின்கிட்டார். பிறகு ஒவ்வொரு சுருதி அமைப்புக்கும் தனித்தனிக் கழுத்து தேவைப்பட்டது. இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு கழுத்துகளைச் சுமந்துகொண்டு கலைஞர்கள் மேடையேறினார்கள்.

மிதி வைத்தால் ஒரே கழுத்தில் பல சுருதிகளைக் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணத்தில் கிப்சன் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் எலெக்ட்ராஹார்ப் என்ற கருவியைக் கொண்டுவந்தது. ஆனால் மிதியை வாசிப்பின் நடுநாயகமாக்கியது கலிபோர்னியாவின் டவுனி ஊரிலிருந்த பால் பிக்ஸ்பியின் பட்டறை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பேர் போன பிக்ஸ்பி உலோக வேலையில் கைதேர்ந்தவர். 1948இல் ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஸ்பீடி வெஸ்ட்டுக்கு அவர் செய்துகொடுத்த மிதி வைத்த கருவி மற்ற வாசிப்பாளர்களையும் அவரிடம் வரவைத்தது.

அவர்களில் ஒருவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாடல் 1954இல் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் ஐசக்ஸ், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். அதுவரை பெரும்பாலோர் ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ மட்டுமே மிதியைப் பயன்படுத்திவந்தார்கள். ஐசக்ஸின் வாசிப்பில் கார்டின் ஒரு சுரம் அப்படியே நிற்க, இன்னொரு சுரம் அதன் பக்கத்திலிருந்து வளைந்து மேலேறியது. வானொலியில் கேட்ட ஸ்டீல் வாசிப்பாளர்கள் இது எப்படி என்று திகைத்தார்கள். கையில் கிடைத்த இரும்புக் கம்பிகளை வளைத்துத் தங்கள் பழைய கருவிகளுக்கு மிதி கட்டிப் பார்த்தார்கள்.

பிக்ஸ்பி ஆர்டர் எடுத்து ஒவ்வொன்றாகத்தான் செய்தார். வாங்கியவரின் பெயரையே முன்பக்கத்தில் பதித்துக் கொடுப்பதும் உண்டு. எண்ணிக்கை குறைவு, யாருடையது என்பதும் மரத்திலேயே இருக்கிறது. அதனால் பெடல் ஸ்டீல் உலகில் சேகரிப்பாளர்கள் விலை வைக்கும் அபூர்வ விதிவிலக்காக பிக்ஸ்பி இருக்கிறது. மற்றவற்றுக்கு விலை வைப்பவர்கள் வாசிப்பவர்கள். அவர்கள் முதலில் கேட்பது இன்றைய பாடலை இதில் வாசிக்க முடியுமா என்றுதான்.

1950களின் நடுவில் நாஷ்வில் பக்கம் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ராய் அக்கஃபின் குழுவில் வாசித்த ஷாட் ஜாக்சன். மற்றவர் இண்டியானாவிலிருந்து பதினெட்டு வயதில் வந்து, லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் குழுவில் இடம்பிடித்த பட்டி எமன்ஸ். இருவர் பெயரையும் சேர்த்து ஷோ-பட் பிறந்தது. பின்னாளில் பிராட்வே தெருவில் ஷோ-பட் கடை இருந்தது. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி நடந்துவந்த ரைமன் அரங்கம் அங்கிருந்து சில அடி தூரம்தான். மேடையேறுபவர்கள் வழியில் நுழைந்து, லீவரைச் சற்று இறுக்கச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய தூரம். பறவைக்கண் மேப்பிள் மரமும் அதன்மேல் பளபளக்கும் வார்னிஷும், ஃப்ரெட் பலகையில் சீட்டுக்கட்டின் ஹார்ட், டைமண்ட் உருவங்களுமாக ஷோ-பட்டின் அழகுக்கு இன்றும் தனி மவுசு உண்டு.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950களின் இறுதியில் வேறு வழியில் போனது. கம்பிகளுக்குப் பதில் கேபிள்களால் இழுக்கும் எட்டுத் தந்திக் கருவிகளை அது விற்றது: ஒற்றைக் கழுத்தோடு ஃபெண்டர் 400, இரட்டைக் கழுத்தோடு ஃபெண்டர் 1000. ரால்ஃப் மூனியின் கூர்மையான கலிபோர்னியா நாதமும், ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவில் ஸ்னீக்கி பீட் கிளைனோவின் வாசிப்பும் ஃபெண்டரில் ஒலித்தவை.

ஆனால் ஃபெண்டரின் சந்தை விலையை வேறொரு மாற்றம் முடிவுசெய்தது. 1960களின் தொடக்கத்தில் எமன்ஸ் இ-9 என்ற சுருதி அமைப்பில் இரண்டு தந்திகளைக் கூடுதலாகச் சேர்த்தார். இடைச் சுரங்கள் கைக்குள்ளேயே வந்தன, வேகமான வரிகள் சாத்தியமாயின. சில வருடங்களில் நாஷ்விலின் ஒலிப்பதிவுகள் எல்லாம் பத்துத் தந்தி இ-9க்கு மாறின. பாடப் புத்தகங்களும் அதற்கே எழுதப்பட்டன. எட்டுத் தந்திக் கருவி ஒரே வீச்சில் பழசாகிப்போனது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் தேடுவது பத்துத் தந்தி, மூன்று மிதி, குறைந்தது நான்கு முழங்கால் லீவர். பொறியியலில் குறையில்லாத பழைய கருவிகூட இந்தக் கணக்கில் தோற்றால் விலை இறங்கிவிடும்.

1963இல் எமன்ஸ் ஷோ-பட்டிலிருந்து பிரிந்து, ரான் லாஷ்லியோடு சேர்ந்து எமன்ஸ் கிட்டார் கம்பெனியைத் தொடங்கினார். நார்த் கரோலினாவின் பர்லிங்டனில் அது செய்த ‘புஷ்-புல்’ ரகம்தான் பழைய பெடல் ஸ்டீல்களில் இன்றும் விலை குறையாமல் நிற்பது. காரணம் அதன் சேஞ்சரில் இருக்கிறது. தந்தியின் ஒரு முனை சேஞ்சர் விரல் என்ற சிறு உலோகத் துண்டின் மேல் வளைந்து படிகிறது. மிதித்தால் அந்த விரல் நகர்ந்து தந்தியை இறுக்கும் அல்லது தளர்த்தும். பின்னால் வந்த ‘ஆல்-புல்’ முறையில் ஏற்றம், இறக்கம் இரண்டும் இழுப்பில் நடக்கின்றன, ஸ்பிரிங் விரலைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறது. புஷ்-புல்லிலோ மிதிக்காத நேரத்தில் விரல் கருவியின் உடலோடு இறுக அணைந்து நிற்கிறது. அந்த அணைப்பால்தான் நாதம் அத்தனை முழுமையாக, நீண்டு ஒலிக்கிறது என்பது அதன் ரசிகர்களின் உறுதியான நம்பிக்கை. அதை வைத்திருப்பவர்கள் எளிதில் விற்பதில்லை.

புஷ்-புல்லுக்குச் சுருதி அமைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு திருகைத் தொட்டால் இன்னொன்று நகரும். ஆல்-புல்லில் ஓரத்து நைலான் திருகுகளை ஒரு சாவியால் திருப்பினால் போதும். டல்லாஸின் எம்எஸ்ஏ போன்ற நிறுவனங்கள் ஆல்-புல் முறையைப் பரவலாக்கிய பிறகு, 1970களில் எமன்ஸ் கம்பெனியே அந்தப் பக்கம் திரும்பியது. ஆகவே புஷ்-புல்லுக்கு நல்ல விலை கொடுப்பவர் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்கிறார்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. ஷோ-பட் தன் புரோ வரிசையோடு, கற்றுக்கொள்பவர்களுக்காக மேவரிக் என்ற எளிய ரகத்தையும் விற்றது. மூன்று மிதி, ஒரே ஒரு முழங்கால் லீவர். மேலே பதித்திருக்கும் பெயர் அதேதான், கீழே இருக்கும் இயந்திரம் வேறு. விடுபட்ட லீவர்களைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு கருவியின் விலையையே எட்டிவிடலாம். 1970களின் சில ஷோ-பட்களில் மலிவான வார்ப்பு உலோகப் பாகங்கள் சேர்ந்திருந்தன, அவற்றில் விரிசல் விழுவதுண்டு. அதனால் அந்தக் காலத்துக் கருவியென்றால் விவரம் தெரிந்தவர்கள் அடைப்புக்கட்டைகளையும் சாவித்தலையையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

விலை பேச வருபவர் முதலில் கருவியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்ப்பார். அடிப்பக்கம்தான் அதன் ஜாதகம். குறுக்குத் தண்டுகள், அவற்றில் தொங்கும் நெம்புகள், அங்கிருந்து சேஞ்சருக்கு ஓடும் மெல்லிய கம்பிகள், எல்லாம் அங்கே திறந்து கிடக்கும். துரு, வளைந்த கம்பி, யாரோ அவசரத்துக்கு வேறு திருகு போட்ட இடம், எதுவும் மறையாது. சேஞ்சர் விரல்களின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தால், பல வருடம் தந்தி அழுத்தியதால் விழுந்த பள்ளம் தட்டுப்படும். ஆழமான பள்ளம் தந்தியை இரைய வைக்கும், மெல்லிய மூன்றாம் தந்தியை அடிக்கடி அறுத்துவிடும். விரல்களைக் கழற்றி மெருகேற்ற வேண்டுமென்றால் ஒரு முழு நாள் வேலை.

அடுத்து, காலில் நிறுத்திச் சுருதிமானியை மாட்டுவார்கள். நான்காம் தந்தியை மீட்டி, அதை ஒலிக்கவிட்டு, அதைத் தொடாத முதல் இரண்டு மிதிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். மற்றத் தந்திகளின் இழுப்பில் மரப்பெட்டி இம்மியளவு வளையும், நான்காம் தந்தியின் சுருதி கீழே சரியும். ஓர் அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்பது கணக்கு. இரண்டு மூன்று சென்ட் சரிந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. பத்தைத் தாண்டினால் காதே பொறுக்காது, அதற்கு எளிய வைத்தியமும் கிடையாது. பிறகு ஒவ்வொரு மிதியையும் லீவரையும் அழுத்தி விட்டு, முள் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். பிக்கப்பின் மின்தடையை மீட்டரில் அளந்தால், உள்ளே சுருள் அறுந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பழைய லெஸ் பாலில் ஒரு திருகு மாறியிருந்தாலும் விலை குறைகிறது. பெடல் ஸ்டீலில் கதை தலைகீழ். 1960களின் ஷோ-பட் ஒன்றில் நல்ல கைவினைஞர் புதிய சேஞ்சர் பொருத்தி இரண்டு லீவர் கூட்டியிருந்தால், தொடப்படாத கருவியைவிட அதற்குக் கூடுதல் விலை கிடைக்கும். நியாய விலையின் கணக்கும் இங்கிருந்தே தொடங்குகிறது. அதே ரகத்தில் முழுதாக வேலை செய்யும் கருவி என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, இதை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அதிலிருந்து கழிக்க வேண்டும். வயது அந்தக் கணக்கில் தானாக ஒரு டாலரையும் கூட்டுவதில்லை. பெட்டியோடு 30 கிலோவைத் தாண்டும் இரட்டைக் கழுத்து என்றால், அனுப்பும் செலவும் அந்தக் கணக்கில் சேரும். தூக்கிச் செல்ல முடியாமல் பலர் ஒற்றைக் கழுத்துக்கு மாறியதால், இரட்டைக் கழுத்தின் தேவையும் முன்புபோல இல்லை.

இந்தக் கணக்கு இன்று அதிகம் தேவைப்படுவது வாசிக்கத் தெரியாதவர்களுக்கு. 1960, 70களில் கிளப்புகளிலும் தேவாலயங்களிலும் வாசித்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. கருவி மனைவியின் கையிலோ பிள்ளைகளின் கையிலோ வந்து சேர்கிறது. பழைய கிட்டார் என்றாலே லட்சக்கணக்கில் போகும் என்று நம்பி, அதைப் பல வருடம் விற்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அது என்னவென்றே தெரியாமல், முதலில் வந்தவரிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. நாற்பது வருடம் ஒருவர் உழைத்த கருவிக்கு இரண்டுமே அநியாயம்.

அவர்கள் செய்யக்கூடியது எளிது. அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். மிதிகளையும் லீவர்களையும் எண்ணி, வரிசை எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். முக்கியமாக, பெட்டியின் மூலையில் கிடக்கும் நான்கு கால்களையும், மிதிப் பலகையையும், அதைக் கருவியோடு இணைக்கும் நீண்ட கம்பிகளையும் பழைய இரும்பு என்று நினைத்துக் கழித்துவிடக் கூடாது. அவை ரகத்துக்கு ரகம் நீளத்திலும் கொக்கியிலும் மாறுபடும். தயாரித்த கம்பெனி மூடிவிட்ட பிறகு ஒவ்வொன்றையும் தேடிப்பிடிக்க வேண்டிவரும், அந்தச் செலவு முழுக்க விற்பவரின் கணக்கில்தான் கழியும்.