சுழலும் சிலிண்டர்களும் விளக்கெண்ணெயும்: நோம் விமான எஞ்சினின் இயக்கம் பற்றிய ஒரு மறுநோக்கு

நடுத்தண்டு அசையாமல் நிற்க, அதைச் சுற்றிச் சிலிண்டர்களே சுழலும் ரோட்டரி எஞ்சின், தொடக்ககால விமானங்களில் பெருவழக்காக இருந்தது. காற்றில் சுழன்று குளிர்வதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டது என்று பொதுவாகக் கூறப்படும் விளக்கம் பாதி உண்மையே. எஞ்சினின் எடைக்குறைவையும் அதிர்வின்மையையும் அவ்விளக்கம் கணக்கில் கொள்வதில்லை, அது வழக்கொழிந்ததன் காரணத்தையும் காட்டுவதில்லை.

இதை அறிய, வடசென்னைக்கு நன்கு பழக்கமான எஞ்சின் ஒன்றோடு அதை ஒப்பிடுவது பயன்தரும். 1950களின் நடுப்பகுதியிலிருந்து திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில், 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் நிலையாக நிற்க, பிஸ்டன் ஏறி இறங்கிக் கிராங்க் தண்டைச் சுழற்றுகிறது. வீச்சு முடியுந்தோறும் பிஸ்டன் நின்று திசைமாறுவதால் ஓட்டுபவர் கையை எட்டும் உதறல் எழுகிறது. நான்கு வீச்சுக்கு ஒருமுறையே எரிபொருள் கலவை வெடிப்பதால், மற்ற மூன்றையும் கடத்திவிடக் கனமான ஃபிளைவீல் வேண்டியிருக்கிறது. குளிர்காற்றோ வண்டி ஓடினால்தான் கிடைக்கும் என்பதால், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே சிக்கி நிற்கும் புல்லட் சூடேறிவிடுகிறது.

பிரான்சின் செகேன் சகோதரர்கள் 1908-09இல் உருவாக்கிய நோம் ஒமேகா, இம்மூன்று குறைகளையும் ஒரே மாற்றத்தால் களைந்தது. ஏறத்தாழ 75 கிலோ எடையில் 50 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சினில் கிராங்க் தண்டு விமானச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்க, ஏழு சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழன்றன. சிலிண்டருக்குள்ளிருந்து நோக்கினால் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. விமானத்திலிருந்து நோக்கினாலோ, அது தண்டின் மையத்திலிருந்து விலகி நிற்கும் கிராங்க் முளையை ஏறக்குறைய வட்டமாகச் சுற்றுகிறதேயன்றி எங்கும் நின்று திரும்புவதில்லை. எஞ்சினின் உடலே ஃபிளைவீலாகிவிடுவதால் தனிச்சக்கரம் தேவையில்லை. விமானம் தரையில் நின்றாலும் சிலிண்டர்கள் காற்றை வெட்டிக் குளிர்ந்துகொள்கின்றன. சிலிண்டர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: ஒன்று விட்டு ஒன்றாக வெடிப்பு நிகழும்போது, முதற்சுற்றில் விடுபட்டவை இரண்டாம் சுற்றில் இடைவெளி மாறாமல் முறைபெறுகின்றன. 1909 ஆகஸ்டில் ரேம்ஸ் நகரில் ஆன்றி ஃபார்மன் 180 கி.மீ. பறந்து தொலைவுப் பரிசை வென்றது இந்த எஞ்சினைக் கொண்டுதான்.

எனினும் எஞ்சினே சுழலும்போது பெட்ரோலை எவ்வழியாக உள்ளே செலுத்துவது என்ற கேள்வி எழுகிறது. உள்ளீடற்ற கிராங்க் தண்டின் வழியே பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நடுக்கூட்டுக்குள் புகுந்து, பிஸ்டன் தலையில் அமைந்த வால்வு வழியாகச் சிலிண்டரை அடைந்தது. கிராங்க் நடுக்கூட்டில் பெட்ரோல் நிரம்பியிருக்கையில் கனிம எண்ணெய் அதில் கரைந்து உராய்வுத் தடுப்பை இழந்துவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெயே இதற்கு ஏற்றதாயிற்று. புல்லட்டில் கிராங்க் கூட்டோடு வார்க்கப்பட்ட அறையிலிருந்து எண்ணெய் போய்த் திரும்பி வருகிறது. நோம் எஞ்சினிலோ மையவிலக்கு விசையால் வெளியே வீசப்பட்டு, ஒருமுறை பயன்பட்டதோடு ஒழிந்தது. இதை வீண்செலவு என்று மட்டும் கருதுவது பொருந்தாது, எடை குறைந்ததற்குக் கொடுத்த விலை அது. அந்த விலையில் ஒரு பகுதியை ஆமணக்கு வயல்கள் ஏற்றன: இந்தியா அன்றே பெரிய ஆமணக்கு ஏற்றுமதி நாடு, மதராஸ் மாகாணத்திலும் அது பயிரானது, முதல் உலகப் போரின் விமானத் தேவைக்காக 1918இல் அமெரிக்க அரசு ஆசியாவிலிருந்து விதை தருவித்து 1,00,000 ஏக்கருக்கு மேல் விதைக்க ஏற்பாடு செய்தது.

எஞ்சினை வீழ்த்தியது எண்ணெய்ச் செலவு அன்று, அதை உயர்த்திய சுழற்சியே. காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், சுழற்சி ஒன்றரை மடங்கானால் அதில் வீணாகும் திறன் மூன்று மடங்கையும் தாண்டும்; சுழலும் பெருநிறையின் பம்பர விளைவால், சாப்வித் கேமல் போன்ற விமானங்கள் வலப்புறம் திரும்புகையில் மூக்கைத் தாழ்த்தின. தண்டை ஒரு திசையிலும் சிலிண்டர்களை மறுதிசையிலும் நிமிடத்துக்கு 900 சுற்றாகச் சுழற்றிய ஜெர்மனியின் சீமென்ஸ் எஸ்.எச். 3 இச்சிக்கலுக்கு மிகக் கூர்மையான விடை; ஆயினும் போர்க்காலம் முடிந்தபின் நிலையான சிலிண்டர்களைக் கொண்ட ரேடியல் எஞ்சின்களே நிலைத்தன.

அவற்றுக்கு விளக்கெண்ணெய் இன்றியமையாததாக இல்லை, கனிம எண்ணெயே போதுமானதாயிற்று. திருவொற்றியூரை அடுத்த மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும் கச்சா எண்ணெயிலிருந்து அத்தகைய மசகெண்ணெய்க்கான மூலப்பொருளைப் பிரிக்கிறது. அருங்காட்சியகங்களில் இன்றும் ஓட்டிக்காட்டப்படும் நோம் எஞ்சின்களுக்கோ விளக்கெண்ணெயே ஊற்றப்படுகிறது.