பேராதனை வளர்த்த தமிழ்ப் பட்டதாரிகள்

கண்டியிலிருந்து கொழும்பு வீதி வழியே நாலு மைல் வந்து கலஹாச் சந்தியிலே திரும்பினால், ஹந்தானை மலைச்சாரலுக்கும் மகாவலி கங்கைக்கும் இடையே விரிந்து கிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் கண்ணுக்குப் புலனாகும். இலங்கைக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று 1906ஆம் ஆண்டிலேயே குரல் எழுப்பிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதனைக் காண உயிரோடு இருக்கவில்லை. 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலே கொழும்பில் ஆரம்பித்த இலங்கைப் பல்கலைக்கழகம், பத்தாண்டுகளின் பின் 1952இலே இம்மலைநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. அருணாசலத்தின் பெயரை மாணவர் விடுதியொன்று இன்றும் தாங்கி நிற்கின்றது.

இங்கே பட்டம் பெற்றோர் பல துறைகளிலும் உலகப் பிரசித்தி எய்தினர். மானிடவியலிலே கணநாத் ஒபேசேகர பிரின்ஸ்டன் வரை சென்று புகழ் நாட்டினார். கண்டிப் பாடசாலைகளிலே பயின்று இப்பல்கலைக்கழகத்துக்கு வந்த இருவருள் ஜயந்த தனபால ஐக்கிய நாடுகள் சபையிலே ஆயுதக் களைவுத் துறையின் உபசெயலாளர் நாயகமாக விளங்கினார். வைத்தியரான மலிக் பீரிஸ், 2003இலே ஹொங்கொங்கில் சார்ஸ் நோயின் காரணகர்த்தாவான வைரசைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர். எனினும் தமிழுக்குப் பேராதனை செய்த உபகாரமே இக்கட்டுரையின் நோக்கம்; அது இவற்றுள் எதற்கும் குறைந்ததன்று என்பது என் துணிபு.

சுவாமி விபுலாநந்தருக்குப் பின் தமிழ்ப் பேராசிரியர் பதவி வகித்த க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே நாடகங்கள் எழுதி மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். பண்டிதர் தமிழே தமிழென்று கருதப்பட்ட ஒரு காலத்திலே பல்கலைக்கழகப் பேராசிரியரே அவ்வாறு செய்தமை சாமானியமான துணிவன்று. அவரைத் தொடர்ந்த சு. வித்தியானந்தன் கிராமத்தின் கூத்தையே பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தார். 1956இலே எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தின் வாயிலாகச் சிங்கள நாடகத்துக்குப் புத்துயிர் அளித்ததை ஒரே வளாகத்திலிருந்து கண்டவர் அவர். மட்டக்களப்பிலே வட்டக்களரியைச் சூழ்ந்து சனங்கள் அமர்ந்திருக்க, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் முழங்க, இரவு முழுவதும் விடிய விடிய ஆடப்பெறும் கூத்தை, அதன் ஆட்டமும் பாட்டும் சிதையாமல், சில நாழிகைக்குள் அடக்கி, ஒருபுறம் மாத்திரமே திறந்த மேடைக்கு ஏற்றபடி அமைப்பது எளிய காரியமன்று. நாற்புறமும் நோக்கி ஆடிப் பழகிய கால்கள், சபையோர் இருக்கும் ஒரே திசைக்காக மிதிகளையும் சுற்றுகளையும் புதிதாக வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வாறு உருவான 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' ஆகியவற்றைக் கண்ட பின்னரே, படிக்காதவர்களின் பொழுதுபோக்கென்று கூத்தைப் புறக்கணித்த நகரத்துத் தமிழர் அதனைக் கலையென ஏற்றனர். 'இராவணேசன்' நாடகத்திலே இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்திலே அம்மரபை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, கிழக்குப் பல்கலைக்கழகத்திலே நுண்கலைப் பேராசிரியராகி, கற்றதைப் பிறந்த மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தார்.

விமர்சனத் துறையிலே க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இரட்டையர் போன்று பேசப்படுவர். இருவரும் பேராதனையிலே பயின்று, பின்னர் பேர்மிங்ஹாமிலே பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். சங்கச் செய்யுள்களைக் கிரேக்க வீரகாவியங்களோடு ஒப்பிட்ட கைலாசபதியின் ஆராய்ச்சி 1968இலே ஒக்ஸ்போர்டில் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்னரே 'தினகரன்' ஆசிரியராக அமர்ந்து ஈழத்து எழுத்தாளர்களுக்கு அப்பத்திரிகையின் பக்கங்களைத் திறந்துவிட்ட அவர், 1974இலே யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகி, நாற்பத்தொன்பதாவது வயதிலே மறைந்தார். அவ்வளாகம் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானவர் வித்தியானந்தன். அங்கே வரலாற்றுத் துறையை நிலைநிறுத்திய கா. இந்திரபாலாவும் பேராதனையின் மாணவரே. கைலாசபதியின் மார்க்சியக் கொள்கையைக் கடுமையாக மறுத்து, 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' எழுதிய மு. தளையசிங்கமும் அதே பல்கலைக்கழகத்துப் பட்டதாரி என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு சிந்தனை மரபுகளுக்கும் இடமளித்ததே ஒரு கல்விக்கூடத்தின் மெய்யான பெருமை.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. மேற்சொன்ன தமிழருட் பெரும்பாலோர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புகைவண்டியேறி வந்தவர்கள். அச்சர்வகலாசாலையைச் சூழ்ந்த குன்றுகளிலே தேயிலைக் கொழுந்து பறித்தோரின் பிள்ளைகளோ, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, தோட்டப் பாடசாலையின் கீழ் வகுப்புகளோடு கல்வியை நிறுத்தும்படி ஆக்கப்பட்டு, அதன் வாயிலை வெகுகாலம் சென்றே மிதித்தனர். அவ்வாறு முதன்முதலாகத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு வந்தோரின் கதை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அவர்களுட் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதும் பணியை இப்போதைய மாணவர்கள் காலந்தாழ்த்தாது தொடங்க வேண்டும்.