பாடப் பிரிவு என்னும் முதல் வாயில்

1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி நமது இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இரயிலும் துறைமுகமும் நம் முன்னோருக்கு மூட்டை சுமக்கவும் கரி அள்ளவும் வேலை தந்தன. பல்கலைக்கழகமோ ஒரு தேர்வை வைத்தது. 'மெட்ரிகுலேஷன்' என்று பெருமையோடு அழைக்கப்பட்ட அத்தேர்வு, பல்கலைக்கழகத்திற்குள் நுழைவதற்கான தேர்வேயாகும். ஆங்கிலம் அறியாதவன் அதன் அருகில் செல்ல இயலாது. ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியோ நம் சேரிகளில் இல்லை. நுழைவுத் தேர்வு என்பது நேற்று வந்த புதுமை என்று கருதும் இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இட ஒதுக்கீட்டின் வரலாற்றைப் பற்றி நம்மிடையே பலர் எழுதியுள்ளனர், எழுதவும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னே நிற்கும் மற்றொரு வாயிலைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எந்தப் பாடங்களைப் படித்தவன் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், அவன் பெற்ற மதிப்பெண்களில் எவை கணக்கில் சேரும், எவை சேரா என்னும் விதிகளே அவ்வாயில். மருத்துவக் கல்லூரியில் நமக்கென்று ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், உயிரியல் படிக்காதவனுக்கு அவ்விடம் இருந்தும் இல்லாததே.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அண்ணல் அம்பேத்கர் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவருக்கு அம்மொழி கற்பிக்கப்பட மாட்டாது என்று கூறிவிட்டனர். ஆகவே பாரசீகத்தை எடுத்துக்கொண்டார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது அவர் பெற்றது 750க்கு 282 மதிப்பெண். பிற்காலத்தில் தம் சொந்த முயற்சியால் சமஸ்கிருதம் பயின்றார் என்பதும் நாம் அறிந்ததே. 282 பெற்ற அம்மாணவர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பெற்ற பட்டங்களை எண்ணிப் பார்ப்போர், மதிப்பெண் ஒருவனுடைய அறிவின் எல்லையை அளந்துவிடும் என்று வாதிடத் தயங்குவர்.

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். 1927இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உரிமை ஆணை அரசுப் பணிகளில் பன்னிரண்டில் ஓரிடத்தை ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தந்தது. கல்லூரிச் சேர்க்கையிலும் இத்தகைய பகிர்வு பின்பற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பதினான்கு இடங்களில் இரண்டு 'அரிஜனங்களுக்கு' உரியவை. இவ்வாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன், சீனிவாசன் என்னும் இருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1951 ஏப்ரலில் ஆணை செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15(4) என்னும் உட்பிரிவு பிறந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்த அம்மையார் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது அவ்வழக்கின் வேடிக்கைகளுள் ஒன்று.

அத்தீர்ப்பில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி வேறொன்று உள்ளது. பொறியியற் கல்லூரி கோரிய சீனிவாசன் இன்டர்மீடியட் தேர்வில் முதற் பிரிவு எடுத்தவர். விருப்பப் பாடங்களில் அவர் பெற்ற மதிப்பெண் 450க்கு 369 என்று தீர்ப்பு குறிக்கிறது. அப்பாடங்களின் மதிப்பெண்ணே அன்று போட்டிக்கு உரியதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆக, 'கட் ஆஃப்' என்று இன்று நம் பிள்ளைகள் உச்சரிக்கும் சொல் புதிதாயினும், அதன் கணக்கு பழையது. அன்று மாநிலத்தில் இருந்த மருத்துவக் கல்லூரிகள் நான்கு, இடங்கள் 330. அந்நான்கில் ஒன்று, 1938இல் கல்லூரியாக உயர்ந்த நம் ஸ்டான்லி. காய்ச்சலுக்கும் பிரசவத்திற்கும் விபத்திற்கும் வடசென்னை உழைப்பாளி மக்கள் ஓடிச் சென்ற இடம் அதுதான். அதே வளாகத்திற்குள் மாணவனாக நுழைய வேண்டுமாயின், இன்டர்மீடியட்டில் அறிவியற் பிரிவு வேண்டும். அதற்கு முன் அறிவியல் ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் உள்ள உயர்நிலைப் பள்ளி வேண்டும். 1944இல் மத்திய அரசு தொடங்கிய மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை அந்த உயரம் வரை ஏறிவிட்ட பிள்ளைகளைத் தாங்கியது. ஏறுவதற்கான படி பள்ளியில்தான் இருந்தது.

1956ஐ ஒட்டி இன்டர்மீடியட் போய் ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. அக்காலத்துப் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பில் கணிதமே இருவகைப்பட்டு நின்றது: 'ஜெனரல் மேத்ஸ்', 'காம்போசிட் மேத்ஸ்'. முன்னது எளிது, பின்னது கடினம். எளிதானதை எடுத்துத் தேறியவன், கல்லூரியில் கணிதப் பிரிவு கேட்கும்போதுதான் தன் பாதை முன்பே அடைபட்டதை அறிவான். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை செய்த தேர்வு அது. வீட்டில் படித்தவர் இருந்தால் எச்சரித்திருப்பர். துறைமுகத்தில் இரவு முறை வேலை முடித்து வந்த தந்தைக்கு இரு கணிதங்களின் வேறுபாட்டை யார் சொல்வார்?

மதிப்பெண் பெற்றாலும் மற்றொரு தடை இருந்தது. நேர்முகத் தேர்வு! 1970இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த பெரியகருப்பன் வழக்கில், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்முகத்திற்கு 75 மதிப்பெண் வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அது நடத்தப்பட்ட முறையையும் நீதிமன்றம் குறை கூறியது. 75 மதிப்பெண்ணை நாற்காலியில் அமர்ந்திருக்கும் சிலர் ஒரு சில நிமிடங்களில் வழங்குவதென்றால், தந்தையின் தொழிலும் தெருவின் பெயரும் பிள்ளையின் பேச்சு வழக்கும் அவர்தம் செவியில் விழாமலா இருந்திருக்கும்?

1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி, அதாவது 'பிளஸ் டூ', தொடங்கியது. முதல் பொதுத் தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. புகுமுக வகுப்பு கல்லூரியைவிட்டுப் பள்ளிக்கு இறங்கி வந்தது நமக்குப் பெரும் நன்மை. பேருந்துச் செலவின்றி, தெரிந்த ஆசிரியரிடம், தாய்மொழியிலேயே படிக்க முடிந்தது. ஆயினும் பள்ளிதோறும் எல்லாப் பிரிவுகளும் இல்லை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதற் பிரிவில் இடங்கள் குறைவு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து அவை முதலில் நிரம்பும். எஞ்சியோர் வணிகவியலுக்கும் கலைப் பிரிவுக்கும் தொழிற்கல்விக்கும் அனுப்பப்படுவர். 'இந்தப் பிரிவு போதும் உனக்கு' என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! இங்கிலாந்திலும் 1951 முதல் 'ஏ லெவல்' முறையில் பதினாறு வயதுப் பிள்ளைகள் சில பாடங்களுக்குள் தம்மைச் சுருக்கிக்கொள்கின்றனர். அங்கும் அதன் சுமை படிக்காத பெற்றோரின் பிள்ளைகள் மேல்தான் அதிகம் விழும்.

தொழிற்கல்விப் பிரிவை நம் பகுதிப் பெற்றோர் விரும்பியதற்கு நியாயமான காரணம் உண்டு. அதை அறியாமை என்று இகழ்வது தவறு. எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும், 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் என்று சுற்றிலும் புகைபோக்கிகள் நின்றன. ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிசாக நுழைந்தவன் நிரந்தரத் தொழிலாளியாகி, வருங்கால வைப்பு நிதியுடனும் மருத்துவ வசதியுடனும் ஓய்வு பெற்றான். கல்லூரிக்குச் சென்ற அண்டை வீட்டான் வேலை வாய்ப்பு அலுவலகத்தில் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். இதைக் கண்ணால் கண்ட தந்தை தன் மகனுக்கு எதைச் சொல்வார்? ஆனால் ஆலைகள் நிலைத்து நிற்கவில்லை. நம் பாட்டன்மார் உழைத்த பின்னி குழுமத்தின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. நிரந்தர வேலை இருந்த இடங்களில் ஒப்பந்த வேலை புகுந்தது. பாடப் பிரிவு எந்தத் தொழிலை நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அந்தத் தொழில் கைவிட்டது.

இதற்கிடையே கல்லூரி வாயிலின் விதியும் மாறிற்று. நேர்முகத்தின் ஊழலை ஒழிப்பதற்கென்று எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984இல், தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. பின்னாளில் அமைந்த கணக்கு இது: பிளஸ் டூ பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300. நேர்முக அறையின் பாகுபாடு ஒழிந்தது உண்மை. அதனை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவ்விடத்தில் தனிப்பயிற்சி நிலையத்தின் கட்டணம் வந்து அமர்ந்தது என்பதும் உண்மையே. பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து இயற்றப்பட்ட சட்டத்தால் 2007இல் இந்நுழைவுத் தேர்வு நீங்கியது.

இன்று தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையின் கணக்கை நம் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் சேரும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். கணிதத்தின் 100 முழுமையாகச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக, ஐம்பது ஐம்பது சேரும். மொத்தம் 200. தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் தேர்ச்சிக்கு வேண்டும். தர வரிசையின் இந்தக் கூட்டலில் அவற்றுக்கு இடமில்லை. கணிதம் 90, இயற்பியல் 70, வேதியியல் 80 பெற்றவனுக்கு 165. கணிதம் 70, இயற்பியல் 90, வேதியியல் 80 பெற்றவனுக்கு 155. இருவரின் மூன்று பாடக் கூட்டுத்தொகையும் 240தான்! ஆயினும் வரிசையில் இருவருக்கும் இடையே ஆயிரக்கணக்கானோர் நிற்கக்கூடும். கணித ஆசிரியர் பணியிடம் ஓராண்டு காலியாக இருந்தால் ஒரு பள்ளிப் பிள்ளைகள் எதை இழக்கின்றனர் என்பது இக்கூட்டலில் தெரியும்.

மருத்துவத்தின் கதை வேறு. 2017 முதல் தமிழ்நாட்டில் 'நீட்' தேர்வின் மதிப்பெண்ணே வாயிலாயிற்று. அரியலூர் மாவட்டத்துச் சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண், பிளஸ் டூவில் 1200க்கு 1176 பெற்றார். பழைய கணக்கில் அவருடைய மருத்துவ 'கட் ஆஃப்' 200க்கு 196.75. நீட் தேர்வில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அச்சகோதரி 2017 செப்டம்பர் 1 அன்று நம்மைவிட்டுப் பிரிந்தார். ஒரே மாணவியை இரண்டு அளவுகோல்கள் எவ்வளவு வேறாக அளந்தன! அதன்பின் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அதே அளவும் சட்டமாயின. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கே இது உரியது. இடையில் ஆங்கிலப் பள்ளி ஆசையால் ஓராண்டு மாற்றிச் சேர்ப்போர் இதை அறிந்து செய்யட்டும்.

மதிப்பெண் வேட்டை பாடத்தையே தின்ற கதையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே கணக்கில் வந்ததால், பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டையே உருப்போட வைத்தன. நீட் போன்ற தேர்வுகளோ இரு வகுப்புகளிலிருந்தும் வினவுகின்றன. இதைத் தடுக்க 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025ஆம் ஆண்டின் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. தேர்வு நீங்கினாலும் பாடம் நீங்கவில்லை. தம்பி தங்கையர் அந்த ஓராண்டை ஓய்வாண்டு என்று எண்ணிவிடலாகாது.

நீட் ஒன்றே உயர்கல்வி என்று மயங்குவோருக்கு நம் அருகிலேயே வேறு வாயில்கள் உள்ளன. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. மாநில இடங்களுக்கு உயிரியல், இயற்பியல், வேதியியலில் பெற்ற பிளஸ் டூ மதிப்பெண் போதும். எண்ணூருக்கு வடக்கே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி உள்ளது. வணிகவியலோ கலைப் பிரிவோ எடுத்தவருக்கு, மாநிலச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பில் பாடப் பிரிவு தடையாக இல்லை, மதிப்பெண்ணே பார்க்கப்படுகிறது. சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, 1945இல் சென்னை மேயரான என். சிவராஜ் நடந்த பாதை அது.

கப்பலைப் பற்றி ஒரு சொல். சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலும் வந்து நிற்கும் கப்பல்களின் சரக்கை நம்மவர் இறக்கி ஏற்றுகின்றனர். அக்கப்பலின் மேல்தளத்தில் நின்று ஆணையிடும் அதிகாரியாக வேண்டுமாயின், 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் அதற்கான படிப்பு உள்ளது. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். அவற்றின் சராசரி 60 விழுக்காடு வேண்டும். பட்டியல் இனத்தவருக்கு அதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆங்கிலத்தில் 50 வேண்டும். கண் பார்வை உள்ளிட்ட உடற்தகுதியும், அகில இந்திய நுழைவுத் தேர்வில் நல்ல இடமும் வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், பள்ளி அலுவலகத்து விண்ணப்பத்தில் 'பாடப் பிரிவு' என்னும் கட்டத்தை நிரப்பும் முன் கேட்டறிய வேண்டிய செய்தி இது.