மக்காவின் மருத்துவரும் கண்ணாடித் தகடுகளும்

ஹஜ் மாதம் நெருங்குகையில் மக்கா முகர்ரமாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நம் கைப்பேசிகளில் வலம் வரத் தொடங்கும். அவற்றுள் 1880களைச் சேர்ந்தவற்றின் கீழே பெரும்பாலும் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்னும் டச்சு அறிஞரின் பெயரே காணப்படும். ஆனால் அவற்றில் பலவற்றை எடுத்தவர் மக்காவில் வாழ்ந்த மருத்துவரான ஸய்யித் அப்துல் கஃப்பார். அவரைப் பற்றி நம்மவர் அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

ஹரமைன் ஷரீஃபைனில் முதலில் கேமராவை இயக்கியவர் எகிப்திய இராணுவ அதிகாரியான முஹம்மது ஸாதிக் பே. அவர் 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்தார். எனினும் அவர் வந்து திரும்பியவர். மக்காவிலேயே இருந்து இத்தொழிலைச் செய்தவர்களில் முதல்வராக அறியப்படுபவர் நம் மருத்துவரே.

ஸ்னூக் 1884இல் ஜித்தாவுக்கு வந்தார். இஸ்லாத்தை ஏற்றதாக அறிவித்து, 1885 பிப்ரவரியில் மக்காவுக்குள் நுழைந்தார். அவர் சூட்டிக்கொண்ட பெயரும் அப்துல் கஃப்பார்தான்! பின்னாளில் குழப்பம் வலுக்க இந்தப் பெயர் ஒற்றுமையும் துணைபோயிருக்கும் என்றே எண்ணுகிறோம். மருத்துவருக்குப் படக்கலையைக் கற்பித்தவர் தாமே என்பது ஸ்னூக்கின் கூற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், ஹஜ்ஜுக்குச் சில வாரங்களே இருக்கையில், உதுமானிய அதிகாரிகள் அவரை வெளியேற்றினர். கருவிகள் மருத்துவரிடமே தங்கின.

அக்காலத்தில் படம் பதிந்தது கண்ணாடித் தகட்டில். வெள்ளி உப்புப் பூச்சின் மீது ஒளி பட்ட இடம் கறுக்கும். ஆகவே வெண்ணிறத் தலைப்பாகை தகட்டில் கறுப்பாகத் தெரியும். தகட்டைத் தாளின் மீது வைத்து ஒளி காட்டினால் நிறங்கள் நேராகும். தகட்டின் ஓரத்தில் கறுப்பு மையால் எழுதினால் அவ்வெழுத்து தாளில் வெள்ளையாக விழும். அழகிய அரபு எழுத்தில் மருத்துவர் தம் பெயரை இட்டது இப்படித்தான்: மக்காவின் மருத்துவர் ஸய்யித் அப்துல் கஃப்பாரின் ஃபோட்டோகிராஃப் என்று.

ஷரீஃப் குடும்பத்தார், நகரப் பெரியோர், ஹாஜிகள் ஆகியோரின் உருவப்படங்களையும், அரஃபாவிலும் மினாவிலும் திரண்ட மக்களையும் அவர் பதிவுசெய்து லெய்டனுக்கு அனுப்பினார். ஸ்னூக்கோ அந்த ஹஜ்ஜைக் கண்ணால் கண்டவரல்லர். 1889இல் அவர் வெளியிட்ட மக்காப் படத் தொகுப்பில் இவை இடம்பெற்றன. மருத்துவரின் கையொப்பம் மட்டும் அழிக்கப்பட்டிருந்தது. முன்னுரையில் அவர் பெயரற்ற ஒரு மருத்துவராகவே சுட்டப்பட்டார். இதை அக்காலத்து வழக்கம் என்று கடந்துபோக நமக்கு மனமில்லை. பெயரை வாசிக்கத் தெரிந்த அரபு மொழி அறிஞர் ஒருவரின் நூலில் நேர்ந்தது அது. அவரே பின்னர் அச்சே போரில் டச்சு அரசின் ஆலோசகராக விளங்கினார் என்பதும் நினைவிற்குரியது.

லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் பேணப்படும் மூலப் பிரதிகளில் அந்தக் கையொப்பம் எஞ்சியிருந்தது. அதைக் கொண்டே பிற்கால ஆய்வாளர்கள் படங்களை உரியவரிடம் சேர்த்தனர். படத்தில் அமர்ந்திருப்போருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நெடுங்கடல் தாண்டி வந்த ஹாஜிகளில் பலர் எந்த ஊரார் என்ற குறிப்பை மட்டும் தாங்கி, இன்னாரின் வாப்பா, இன்னாரின் பாட்டனார் என்று சொல்வாரின்றி, அசையாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.