சீனத்து ஜாடி, பாரிஸ் பூண்

உலக்கைக்குப் பூண் போடுவது நமக்குத் தெரியும். பீங்கான் ஜாடிக்குப் பூண் போட்டவர்களும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் குடியிருப்பு அன்பர்கள், பாரிஸ் லூவரிலோ லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்திலோ இவற்றைப் பார்த்திருக்கலாம். ஜாடி சீனாவில் செய்தது. அடியிலும் வாயிலும் கைப்பிடியிலும் மின்னும் இலையும் கொடியும் பாரிஸில் பூட்டியவை. தங்கம் அல்ல, பொன்முலாம் பூசிய வெண்கலம்.

வழக்கம் பழையதுதான். டப்ளினில் உள்ள 'ஃபான்ட்ஹில்' ஜாடி சுமார் 1300-இல் சீனாவில் செய்யப்பட்டது. அடுத்த நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் அதற்கு வெள்ளிப் பூண் போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அது கழற்றப்பட்டுவிட்டது. இன்று வெறும் ஜாடிதான் நிற்கிறது.

18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இது பெரிய வியாபாரமானது. புதுச்சேரியை வைத்திருந்த அதே பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்கள் சீனச் சரக்கை லோரியான் துறைமுகத்தில் இறக்கின. அன்றைய தொழிற்சங்க விதிப்படி வெண்கலம் வார்ப்பவர் வேறு, முலாம் பூசுபவர் வேறு. இருவரிடமும் வேலை வாங்கி, ஜாடியோடு சேர்த்து விற்றவர்கள் 'மெர்சியர்' எனப்பட்ட ஆடம்பரப் பொருள் வியாபாரிகள். அவர்களில் லாசர் துவோ என்பவரின் 1748 முதல் 1758 வரையிலான கணக்குப் புத்தகம் இன்றும் கிடைக்கிறது. மன்னர் 15-ஆம் லூயியின் காதலி மதாம் தெ போம்பதூர் அவருடைய முக்கிய வாடிக்கையாளர். பூண் பொருந்துவதற்காக நல்ல ஜாடிகளை அறுத்தார்கள், துளையும் போட்டார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

சில பூண்களில் கிரீடம் வைத்த சிறிய 'சி' முத்திரை இருக்கும். 1745 முதல் 1749 வரை செம்புக் கலவைப் பொருள்களுக்கு விதித்த வரியின் அடையாளம் அது. வரி போட்ட புண்ணியத்தில் இன்று வயதைக் கணிக்க முடிகிறது!

முலாம் பூசிய விதம்தான் கொடுமை. தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து குழைத்து, வெண்கலத்தின்மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும். பலர் அகாலத்தில் செத்தார்கள். வாங்கியவர் பெயரும் விலையும் துவோவின் கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலான பூண்களுக்கு முலாம் பூசியவர் யார் என்று இன்று யாருக்கும் தெரியாது.

ரவ்ரியோ என்ற பாரிஸ் வெண்கலத் தொழில் முதலாளி 1814-இல் இறந்தார். இந்த ஆபத்திலிருந்து தொழிலாளரைக் காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 ஃபிராங்க் தரவேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். பரிசு தார்சே என்ற வேதியியலாளருக்குக் கிடைத்தது. அவர் செய்தது எளிமையான காரியம்: புகைபோக்கியோடு தனியாக ஒரு சிறு அடுப்பை இணைத்தார். அந்தச் சூட்டின் இழுப்பில் நச்சு ஆவி மேலே போய்விடும். போம்பதூர் காலத்து ஜாடிகளுக்கெல்லாம் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே முலாம் பூசி முடிந்திருந்தது.