மிதிவண்டியும் மக்கட் பாடலும்

நமுனுகுல மலைச்சாரலிலே தோட்டத் தமிழர் பேணிவரும் காமன் கூத்தும் தப்பிசையும் தாலாட்டும், அவர்தம் முன்னோர் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கொணர்ந்த செல்வங்களாகும். அவ்வேர்நிலங்களுள் ஒன்றாகிய புதுக்கோட்டையில், மக்கள் மொழியில் எழுந்த ஒரு பாடல் ஆற்றிய பணி ஈண்டு நோக்கற்பாலது.

1991இல் அங்கு எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கத்திலே, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயற்கூலிப் பெண்களும் ஊர்ச் செவிலியரும் வண்டி பழகினர். பெண் மிதிவண்டியேறுவதா என்ற ஏளனம் எழாமலில்லை. அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன், தங்கையை விளித்துச் சைக்கிள் பழக அழைக்கும் பாடலொன்றை இயற்றினார். அதுவே அவர்களின் இயக்கப் பாடலாயிற்று. 1992ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் தினத்தையொட்டி ஏறத்தாழ 1,500 பெண்கள் ஓட்டிக் காட்டினர். மகளிர் வண்டிகள் போதாதபோது ஆடவர் வண்டிகளையே வாங்கினர். குறுக்குக் கம்பியிற் குழந்தைக்கு இருக்கை பொருத்தலாமென அவற்றை விரும்பினோரும் உளர். நீர் கொணரவும் விளைபொருள் விற்கவும் பேருந்துக்கும் ஆடவர் துணைக்கும் காத்திருந்த நிலை தளர்ந்தது.

பயிற்சி திறனைத் தந்தது. நாணத்தைப் போக்கியது பாட்டு. நமுனுகுலவின் செங்குத்துச் சரிவுகள் மிதிவண்டிக்கு இசையாதிருக்கலாம். ஆயினும் மலையகக் கலைகளைப் பழமைச் சின்னங்களாக மட்டும் ஆராய்வோர், அவற்றின் உறவுநிலத்தில் நிகழ்ந்த இவ்வரலாற்றையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.