கடல் எவ்வளவு உயரும்? எந்தக் கணக்கை நம்பிக் கட்டுவது?

சாங்கி கடற்கரையை ஒட்டியுள்ள நிக்கல் டிரைவ் சாலையில் போயிருக்கிறீர்களா? 2016இல் அதன் ஒரு பகுதியை 0.8 மீட்டர் வரை உயர்த்தினார்கள். கடல்மட்டம் உயரும் என்பதே காரணம்.

சரி, எவ்வளவு உயரும்? அதை யார் சொல்வது?

சாலை போடுவது ஓர் அமைப்பு. வடிகால் கட்டுவது இன்னொன்று. வீடு, விமான நிலையம் எல்லாம் வேறு வேறு. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தடுப்புச் சுவரில் ஒரே ஓர் இடம் தாழ்வாக இருந்தால் போதும், தண்ணீர் அந்த வழியாக உள்ளே வந்துவிடும்!

அதனால்தான் பொதுவான கணக்கு தேவை. 2013இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையம் அந்த வேலையைச் செய்கிறது. 2024 ஜனவரியில் அது வெளியிட்ட மூன்றாவது தேசிய ஆய்வின்படி, 2100க்குள் சராசரி கடல்மட்டம் 0.23 மீட்டரிலிருந்து 1.15 மீட்டர் வரை உயரக்கூடும்.

இடைவெளியைக் கவனித்தீர்களா? குறைந்த அளவைப் போல் ஐந்து மடங்கு! உலகம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் விஞ்ஞானிகளால் ஒரே எண்ணைத் தர முடியாது. எந்த எண்ணுக்கு ஏற்பக் கட்டுவது என்பது அரசாங்கத்தின் முடிவு. குறைவாகக் கட்டினால் வெள்ளம். கூடுதலாகக் கட்டினால் செலவு, அதுவும் நம் வரிப்பணம்தான்.

இங்கே பாதுகாப்பின் பக்கமே சாய்கிறார்கள். தீவின் சுமார் 30 விழுக்காடு, கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டர்கூட இல்லை. அதனால் 2011இலேயே, கடலை மீட்டு உருவாக்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரம் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குக் கூட்டப்பட்டது. சாங்கி ஐந்தாம் முனையத்துக்கு 5.5 மீட்டர். கட்டிய பிறகு உயர்த்துவது லேசுப்பட்ட வேலையா என்ன?

2020 முதல் கரையோரப் பாதுகாப்பை ஒருங்கிணைப்பது பொதுப் பயனீட்டுக் கழகம். அதற்கான நிதிக்கு முதலில் 5 பில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள், 2025இல் இன்னொரு 5 பில்லியன்.

அடுத்த பெரிய சோதனை ஈஸ்ட் கோஸ்ட். அங்கே கடலுக்குள் சுமார் 800 ஹெக்டரில் திட்டமிடப்படும் ‘லாங் ஐலண்ட்’, பின்னால் இருக்கும் தாழ்வான பகுதிகளுக்கு அரணாகவும் இருக்க வேண்டும். கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் ஆய்வு நிலையத்தின் கணக்கும் மாறலாம்.